வலது பக்கம் கொஞ்சம் சத்தம்

கணபதி என்கிற எங்கள் பகுதியில் பாதி வீடுகளுக்குக் கீழே ஏதாவது ஒரு பட்டறை இருக்கும். நிஜாம் வேலை பார்ப்பதும் அப்படி ஒன்றில்தான். மோட்டாருக்குள் போகிற தகடுகளைப் பிரஸ் மெஷினில் வெட்டித் தள்ளுகிற வேலை. மீசை முளைக்கிற வயதில் அந்த மெஷின் பக்கத்தில் போய் நின்றவர், மீசை நரைத்தும் அங்கேயேதான் நிற்கிறார். மெஷின் அவருக்கு வலது கைப்பக்கம். காதில் பஞ்சையாவது வையுங்கள் என்றால், பஞ்சை வைத்தால் மெஷின் மக்கர் பண்ணுவது கேட்காது என்பார். ஆக, மெஷினை நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, முன்னறை மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். வீட்டில் பாடிப் பதிவு செய்பவர்கள் பாட்டை அவருக்குத்தான் அனுப்புவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்தெல்லாம் வரும். மைக்கைத் தப்பான ஓட்டையில் செருகிவிட்டு, முழுப்பாட்டையும் ஒரே காதில் மட்டும் கேட்கும்படி பாடி வைத்திருப்பார் ஒருவர். இன்னொருவர் பாட்டில் குரல் இந்தக் கோடியிலும் கீபோர்டு அந்தக் கோடியிலுமாக, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். நிஜாம் முனகிக்கொண்டே இரண்டு பக்கத்தையும் சமம் செய்து கொடுப்பார். பகல் முழுக்க மெஷினுக்கு ஆளாக இருந்தவர், அந்த நேரத்தில்தான் தனக்கு ஆளாக இருந்தார். அந்த மூலை மட்டும் இல்லாவிட்டால் என்றைக்கோ சலித்துப் போயிருப்பார்.

கொஞ்ச காலமாக ஹெட்போனில் வலது பக்கம் சத்தம் குறைவதாகத் தோன்றியது. பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார். அதிலும் வலது பக்கம் குறைந்தது. இப்போது வருகிற சாமானெல்லாம் இந்த லட்சணம்தான் என்று திட்டிவிட்டு, பாட்டில் வலது பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றினார். அப்புறம் இன்னும் கொஞ்சம். பாட்டை வாங்கிப் போனவர்களும் ஒரு குறை சொல்லவில்லை. "நல்லா இருக்குதுங்க பாய்" என்றார்கள். எங்கள் பக்கத்து ஆட்களிடம் குறை வாங்குவது சாமானியமான காரியமா? சோற்றில் கல் கிடந்தாலும் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போகிற ஜனம்.

அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கதிர்வேல் என்று ஒரு வள்ளிக்கும்மி வாத்தியார். பெண்களும் பிள்ளைகளும் பெரிய வட்டமாக நின்று, பாட்டுக்கும் மேளத்துக்கும் அடியெடுத்து வைத்து ஆடுகிற கும்மி அது. பாட்டுகளை அவரே வீட்டுக் கூடத்தில் பாடிப் பதிவு செய்து, நிஜாமிடம் சரி செய்து வாங்கிப் பழக்கிக்கொண்டிருந்தார். அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் வந்தது. வாடகைக்கு எடுத்த சவுண்டு செட்டில் ஏதோ கோளாறு, ஒரு பாதி வட்டம் அடி தப்புகிறது, கோவிச்சுக்காமல் ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிஜாம் போனார். மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ், அந்தப் பக்கம் ஒரு பாக்ஸ். வலது பாக்ஸ் பக்கத்தில் நின்றவர்கள் சரியாக ஆடினார்கள். இடது பக்கத்து ஆட்களுக்குப் பாட்டு சரியாகவே எட்டவில்லை. எதிரில் இருப்பவர்களின் காலைப் பார்த்துக் கடைசியாக அடி வைத்தார்கள். பாட்டில் கிளி வருகிற இடத்தில் கிளி உருவமாக வளைய வேண்டிய வட்டம் கோணல் பூசணிக்காயாக நின்றது. இடது பாக்ஸ்தான் பழுது என்று சவுண்டு செட்காரரிடம் அடித்துச் சொன்ன நிஜாம், அதை நிரூபிக்க இரண்டு பாக்ஸின் ஒயரையும் மாற்றிச் செருகினார். உடனே இடது பாக்ஸ் அலறியது. வலது பக்கத்து ஆட்கள் அடி தப்பினார்கள். பாக்ஸ் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. கோளாறு பாட்டில் இருந்தது.

கதிர்வேல் அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க பாய். எங்கூட்டு ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டு பக்கத்தையும் கூட்டிக் கொறைக்கறதுக்குத் திருகு இருக்குதுங்க. இத்தன நாளா அதத் திருகிச் சரி பண்ணிப்போட்டோமுங்க. இந்த வாடகச் செட்டுல அந்தத் திருகு இல்லீங்க."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நிஜாம் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க சங்கடம்னுதான்."

வீட்டுக்கு வந்ததும் நிஜாம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிற ஒரு பதிவை எடுத்து ஹெட்போனில் கேட்டார். சத்தம் இடது பக்கம் சாய்ந்தது. ஹெட்போனைத் திருப்பி, இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாட்டினார். பழுது ஹெட்போனில் என்றால் சாய்வும் பக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அப்போதும் இடது பக்கமே சாய்ந்து நின்றது. மறுபடி திருப்பினார். மறுபடி இடதுதான். மெஷின் பக்கத்துக் காது போய்விட்டது என்று அவருக்குப் புரிந்தது. கையைப் பட்டறைக்குக் கொடுத்தாயிற்று, முதுகைக் கொடுத்தாயிற்று. இதையுமா என்று மனிதருக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

ஆனாலும் வாங்கிய வேலையைப் பாதியில் விட மனம் வரவில்லை. இடது, வலது என்ற பேச்சே இல்லாமல், எல்லாப் பாட்டிலும் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு பாக்ஸிலும் ஒரே சத்தம் வரும்படி செய்தார். வட்டமாக ஆடுகிறவர்களுக்கு அதுதான் சரி. அதற்கு ஒரு காதே போதும். கடைசி வேலையாவது உருப்படியாக இருக்கட்டும் என்று அனுப்பினார்.

அரங்கேற்றத்துக்கு மனைவி ஜாஹிதாவையும் கூட்டிப்போனார். வட்டம் ஒரே அடியாகச் சுற்றியது. பாட்டு எந்தப் பாக்ஸிலிருந்து வருகிறது என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அவருக்கு வலது பக்கத்தில் நின்று கும்மியைப் பார்த்துக்கொண்டிருந்த ஜாஹிதா, அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றி இடது பக்கம் வந்து, போகலாமா என்று கேட்டாள். நாலு அடி சுற்றி வந்து கேட்டதை அவர் பார்த்தார். சாப்பிட உட்காரும் இடத்தை, ஃபேன் காற்று வரவில்லை என்று அவள் இடது பக்கம் மாற்றிக்கொண்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எனக்கு இந்தக் காது போயிருச்சு" என்றார்.

"தெரியுமுங்க."

"நீயுமா சொல்லல?"

"நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேனுங்க."

அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. இனிமேல் பாட்டு வேலையே வேண்டாம், கம்ப்யூட்டரை மூடி வைத்துவிடு என்றார். மறுநாள் அவள் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் ஜாஹிதாவே நாற்காலியை இழுத்துப் போட்டு, வெகு நாளைக்குப் பிறகு அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவருக்கு முன்பு முடித்துக் கொடுத்த பாட்டைப் போடச் சொல்லி ஹெட்போனைத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். முழுப்பாட்டையும் கேட்டாள். பிறகு அவரைத் தன் பக்கம் திருப்பி, முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வலது பக்கம் சத்தம் சாஸ்திங்க. கேக்கறதுக்கு நல்லாவே இல்லீங்க."

இத்தனை காலத்தில் ஒரு ஆள்கூட அவரிடம் சொல்லாத வார்த்தை அது. நிஜாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது பக்கத்தைக் குறைக்க ஆரம்பித்தார். போதும் என்று அவள் கையைக் காட்டும்வரை குறைத்தார்.