சபுராவின் விமர்சனத்தை எங்கே வைத்தீர்கள்?

போன வாரம் கம்பத்தில் சபுராவின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏலக்காய் வியாபாரக் குடும்பம். தெருமுனையிலேயே வாசம் கையைப் பிடித்து இழுக்கும்.

சபுரா துப்பறியும் நாவல் என்றால் சோறு மறப்பவர். எங்கள் இணையப் புத்தகக் குழுமத்தில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். அந்த உரிமையில், ‘அடுத்த விமர்சனம் எப்போ?’ என்று கேட்டேன்.

“இனி எழுதலண்ணே” என்றார்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாவலைக் குழுமமே தூக்கிவைத்து ஆடியது. சபுரா மட்டும் அதைக் கிழித்துக் காயப்போட்டிருந்தார். பாதியிலேயே கொலையாளி தெரிந்துவிடுகிறானாம். ஆனால் ஒரு பதில்கூட வரவில்லை. ஆமாம் என்றோ, அபத்தம் என்றோ... ஒன்றுமே இல்லை.

“எனக்கு எழுத வரல போல. வந்திருந்தா ஒருத்தராவது திட்டி வஞ்சிருப்பாகள்ல?”

அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தேடினோம். ‘துப்பறியும் கதை’ என்ற லேபிளில் அந்த நாவலுக்கு ஏழெட்டு விமர்சனங்கள். சபுராவுடையது இல்லை. கிளறிக் கிளறிக் கடைசியில் கண்டுபிடித்தேன். லேபிள்: ‘இஸ்லாமியப் பெண் குரல்’. உள்ளே ஒரே ஒரு பதிவு. ஊருக்கு வெளியே, பாதை போடாமல் கட்டிவிட்ட வீடு மாதிரி.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த நாவலில் ஒரு முஸ்லிம்கூடக் கிடையாது. பெண் என்று பார்த்தால், மூன்றாம் பக்கத்தில் செத்துப்போகிற பேங்க் மேனேஜர்!

குழும நிர்வாகிக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர் — அதுதான் தொல்லையே. கௌரவிக்கத்தான் தனித் தலைப்பு கொடுத்தாராம்.

கௌரவமா? என் விமர்சனங்களை ‘நடுத்தர வயது ஆண் குரல்’ என்று ஏன் ஒதுக்கவில்லை? நான் எழுதினால் புத்தகத்தைப் பற்றி, சபுரா எழுதினால் சபுராவைப் பற்றியா?

பக்கத்தில் இருந்த சபுரா நிதானமாகச் சொன்னார்: “ஏலக்காயச் சல்லடைல போட்டுத்தாண்ணே தரம் பிரிக்கிறோம். பறிச்சவ பேரக் கேட்டா பிரிக்கிறோம்?”

அதை அப்படியே போனில் ஒப்பித்தேன். ‘அப்ப லேபிளே வேண்டாங்கிறீங்களா?’ என்றார் நிர்வாகி.

லேபிள் வேண்டாம் என்று யார் சொன்னது? என்ன வகைப் புத்தகம் என்று ஒட்டுங்கள். முழுதாகப் படித்து எழுதியதா, அட்டையைப் பார்த்து எழுதியதா என்று ஒட்டுங்கள். ‘விமர்சகர் நூலாசிரியரின் நண்பர்’ — இந்த ஒரு லேபிள் வந்தால் பாதிக் குழுமம் காலியாகிவிடும். வாசிக்கிறவனுக்கு வழிகாட்டத்தானே லேபிள்... எழுதுகிறவளை ஓரங்கட்டவா?

மறுநாளே விமர்சனத்தைத் துப்பறியும் கதைகளோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் அதன் இரண்டாவது வரியிலேயே சபுரா கொலையாளியின் பெயரைப் போட்டு உடைத்திருந்தார். ‘முடிவு உள்ளே இருக்கிறது’ என்று ஒரு லேபிள் ஒட்ட வேண்டியது அங்கேதான். அதை யாரும் ஒட்டவில்லை.

அடுத்த நாள் காலையில் சபுராவிடமிருந்து போன்.

“பதினோரு பதில்ண்ணே. என்னமா வையிறாக, பாத்தீகளா?”

குரலில் கல்யாண வீட்டுக் களை. மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

“செத்த இருங்கண்ணே... ஒருத்தருக்குப் பதில் எழுதிக்கிட்டிருக்கேன்” என்று போனை வைத்துவிட்டார்.