பஸ்ஸில் போட்டுப் போன மிதவைச் சட்டை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன் நான். மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடை போட்டு, எந்த ஆணி எதற்கு என்று எஞ்சினியர்மாருக்கே சொல்லிக்கொடுத்தவன். ஆகவே, யுத்தத்தால் வெள்ளைக்காரர் வரத்து நின்று, சீகிரியாப் பக்கத்து ஹோட்டல் ஒன்று தன் கயாக்கை விற்றபோது நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. வாழைப்பூ மடல் போல ஒடுங்கிய, ஒரு ஆள் கால் நீட்டி உட்காரும் பிளாஸ்டிக் தோணி அது. திலாப்பியா மீன் பிடிப்பதற்காக எல்கடுவவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் குளத்தடியில் கொண்டுபோய் வைத்தேன்.

மார்கழியில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். எனக்கு நீச்சலும் தெரியாது. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

அந்தத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த என் மச்சினன், மனைவியின் தம்பி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சொல்வான்.

"கம்பளியப் போத்திக்கிட்டு உக்காருங்க மச்சான். தோட்டமே அதுலதான் குளிரு தாங்குது."

"தண்ணியில விழுந்தா அது நெல்லு மூட்டை கணக்கா இழுக்கும்டா."

"அப்ப விழாதீங்க."

நான் உடம்போடு ஒட்டின கம்பளி ஜேர்சியைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு மேல் மழைக்கோட்டு; தண்ணீர் ஏறாமல் இடுப்பிலும் மணிக்கட்டிலும் சைக்கிள் டியூப் கட்டு. இடுப்பில் கட்டும் சாரம் காலைச் சுற்றும், பூட்ஸில் தண்ணீர் நிரம்பும் என்று இரண்டையும் தள்ளினேன். இதில் பிழை சொல்ல இன்றைக்கும் ஆள் இல்லை.

மிதவைச் சட்டையை நானே தைத்தேன். டிவி பெட்டிக்குள் வரும் லேசான வெள்ளை ரெஜிபோமைத் துண்டு துண்டாக வெட்டி, லொறி மூடும் படங்கில் வரிசையாகப் பை வைத்து அடைத்தேன். பழைய சூட்கேஸ் வார்களைச் செப்புக் கம்பியால் முடுக்கினேன். குளிர் முதுகு வழியாகத்தான் ஏறும் என்பதால் பெரிய துண்டுகளெல்லாம் முதுகுக்கு.

கையில் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் கிளறுவார்கள். அதனால் சட்டைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். என் யோசனைகளில் இதைத்தான் அன்று நான் அதிகம் மெச்சினேன்.

சாவடி இருந்த பாலத்தடியில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையோடு நடக்கவிட்டார்கள். ஒரு சிப்பாய் என் வயிற்றைத் தடவினான். கை நின்றது. சட்டையைத் திறக்கச் சொன்னான். வரிசையாகப் பைகள், வார், கம்பி. பின்னால் நின்ற பெண் கூடையை வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனாள். கூட வந்த மச்சினன் எப்போதோ பத்து முழம் தள்ளி நின்றான்.

"இவரைத் தெரியுமா?" சாவடி அதிகாரி சிங்களத்தில் அவனைக் கேட்டார்.

"அக்கா புருசன்தாங்க சேர். ஆனா அந்தச் சட்டைய எனக்குத் தெரியாதுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்ன இது?"

"தண்ணியில மிதக்குற சட்டை சேர். மீன் பிடிக்க."

"பஸ்ஸுக்குள்ள எங்க தண்ணி?"

நான் ஒரு பையைத் தட்டிக் காட்டினேன்.

ஒரு பையைக் கீறினார்கள். வெள்ளை மணிகள் காற்றில் பறந்தன. அதற்கும் நம்பாமல் ராணுவ முகாமுக்கு அனுப்பப் பேசினார்கள். அந்த நாட்களில் அங்கே போனவர்களில் சிலரை வீட்டார் மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானே சொன்னேன்: "பாலத்துக்குக் கீழ மடு இருக்கு சேர். இறங்கிக் காட்டுறேன்."

இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். ஐஸ் தண்ணீர். நான் சொன்னபடியே சட்டை மிதந்தது. ரெஜிபோம் முதுகில் இருந்ததால் முதுகுதான் மிதந்தது. முகம் தண்ணீருக்குள், கூழாங்கல் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள்.

கண்ணைத் திறந்தபோது அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார். உயிர் திரும்பியது அப்போதுதான்.

"போங்க முதலாளி. இது குண்டு இல்ல. ஆனா ஆளக் கொல்லும்."

அந்த வாரமே ரெஜிபோமை நெஞ்சுப் பக்கம் மாற்றித் தைத்தேன். அரசாங்கமே ஆளும் கயிறும் கொடுத்துப் பரீட்சித்த மிதவைச் சட்டை இந்த மாவட்டத்தில் என்னுடையது ஒன்றுதான்.