மஞ்சள் நீங்கிய முகப்பு விளக்குகள்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே ஒருநாள் காலை, எதிர்வீட்டுப் பெரியவர் என் காரின் முன்னால் குந்தி உட்கார்ந்து முகப்பு விளக்கை விரலால் தடவிக்கொண்டிருந்தார். இங்கே யாரும் அடுத்தவர் வண்டியைத் தொடமாட்டார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ப்ளிண்ட்" என்றார். குருடா என்று என்னைத்தான் கேட்கிறார் என நினைத்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். வெயிலில் மங்கிப்போன விளக்கையும் இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்பது, வாகனச் சோதனையில் அதே சொல்லைச் சொல்லிக் காரைத் திருப்பி அனுப்பியபோதுதான் புரிந்தது.

அந்த வாரக் கடைசியில் அவரே வாட்டர் பேப்பர் எனும் உப்புத்தாளும் ஒரு வாளித் தண்ணீருமாக வந்தார். பெயிண்டில் படாமலிருக்க விளக்கைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு, நனைத்து நனைத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க பிளாஸ்டிக் மோர் போல வெளுத்தது. கெடுத்தேவிட்டார் என்று நம்பினேன். பிறகு இன்னும் நைசான பேப்பர், அப்புறம் பாலிஷ். விளக்கு தெளிந்துவிட்டது. கடைசியாக வெயில் தாங்கும் கோட்டிங் ஒன்றை மேலே அடித்தார். காரை விற்கப்போகிறவன் பாலிஷோடு நிறுத்திக்கொள்வான், சில மாதத்தில் மறுபடி மஞ்சளாவது அவன் கவலையில்லை என்று சைகையும் சொல்லுமாக விளக்கினார்.

ஊரிலும் எனக்கு ஒரு கார் உண்டு. வடக்கனந்தலில், ஸ்டெல்லா அக்கா வீட்டில் விட்டுவந்தது. கிளம்பும்போது அக்கா வீட்டுக்காரரிடம், வண்டியைக் கல்வராயன் மலைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள் மாமா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அப்போதே அதன் விளக்குகள் மஞ்சள் பூத்துக் கிடந்தன. போனில் விசாரிக்கும்போதெல்லாம், ஷெட்டில் சும்மா நிற்பதாகத்தான் மாமா சொல்வார்.

போன விடுமுறைக்கு ஒரு சனிக்கிழமை போய்த் தார்ப்பாயை விலக்கினால், இரண்டு விளக்கும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தன. சும்மா நிற்கிற வண்டியின் விளக்கை யார் தேய்ப்பார்கள்? விற்கப் பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமாவிடம் கேட்டேன். "நின்னுகினே இருந்திச்சி மாப்ள, தொடச்சி வுட்டேன்" என்று வேறு பக்கம் பார்த்துச் சொன்னார். சாவியைக் கேட்டால் பேட்டரி வீக்கு என்றார். கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் பைக்கிலேயே கூட்டிப்போனார்.

அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் விளக்கை மறுபடி தடவிப் பார்த்தேன். கீழ் விளிம்பில் கோட்டிங் ஒரு சொட்டு வழிந்து உறைந்திருந்தது. அப்படியானால் விற்பதற்கில்லை, ரொம்ப நாள் ஓட்டுவதற்கு. சக்கரத்தின் உள்பக்கம் மலைச்சாலையின் செம்மண் அப்பியிருந்தது. யார் ஓட்டுகிறார்கள், மலையிலிருந்து எதை ஏற்றி இறக்குகிறார்கள், சாராயமா? அவர்கள் வைத்த சோற்றைத் தின்றுகொண்டே அவர்கள் முகத்தை உளவு பார்த்தேன்.

திங்கட்கிழமை விடிகாலையில் எஞ்சின் சத்தம் கேட்டு வெளியே ஓடினேன். ஓட்டுநர் இருக்கையில் அக்கா இருந்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர், பஸ்ஸில் போய்வருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அக்கா. பக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் சொன்னாள்.

"மலை ஸ்கூலுக்கு மாத்திட்டாங்கடா. பஸ்ஸ நம்பினா நேரத்துக்குப் போவ முடியாது. உன்னக் கேட்டா வேணாம்னுதான் சொல்லுவ."

"வெளக்கு?"

"பனியில ஒரு ஆளு மேலயே ஏத்திட இருந்தேன். அந்த மஞ்ச வெளிச்சத்துல அவரு நிக்கிறதே தெரியல. போன்ல வீடியோ பாத்துகினு நானே தேச்சேன்."

வளைவு இல்லாத இடத்திலும் வேகத்தைக் குறைத்தே ஓட்டினாள். எனக்குப் பயந்தா, அந்த ஆளை நினைத்தா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அடிவாரச் செக்போஸ்டில் காவலர் அவளைப் பார்த்ததும் கட்டையைத் தூக்கினார். பிறகு என்னைக் கவனித்து மறுபடி இறக்கிவிட்டு, அடையாள அட்டை கேட்டார். என் பர்ஸில் ஜெர்மன் குடியிருப்பு அட்டைதான் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டி என்னுடையது என்றேன். அவர் நம்பவில்லை. "என் தம்பிதாங்க" என்று அக்கா சொன்ன பிறகே விட்டார்.

மேலே ஒரு வளைவில், பள்ளிக்கூடத்தில் சமைக்கும் அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். நேராக முன்கதவைத் திறந்து, என்னைக் கண்டு அப்படியே நின்றார். அக்கா தயங்கி, "நீ பின்னால போயிடுடா" என்றாள். இறங்கிப் பின்சீட்டுக்குப் போனேன். என் காரில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

வெள்ளைப் பனிக்குள் விளக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலையைக் காட்டிக்கொண்டு போயின. அந்த அம்மா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி எப்பங்க ஊருக்குப் போறாரு?"

எந்த ஊருக்கு என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "அடுத்த வாரம்" என்றாள்.