சம்பந்தி வீட்டில் ஒரு டம்ளர் ரசம்

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், என் தங்கைக்கு முடிவான மாப்பிள்ளையின் வீட்டுக்கு, கோவண்டிக்குப் போனோம். நாங்கள் பம்பாயில் தாராவிக்காரர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பா இப்போது இல்லை. அதனால் பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் நான்தான் நிற்க வேண்டும். பெண் பார்த்து, இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லியாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றுதான், மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பது.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். முடிவானதும் போய் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதைத்தான் கை நனைப்பது என்போம். அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது. பம்பாய்க்கு வந்த ஆண்கள் இந்த நல்ல வழக்கத்துக்கு ஒரு வாலைச் சேர்த்துவிட்டார்கள். உள்ளே பெண்கள் இலை போடுவதற்கு முன்னால், இரண்டு வீட்டு ஆண்களும் ஓர் அறையில் கூடி, ஒரே பாட்டிலிலிருந்து ஆளுக்கொரு கிளாஸ் எடுக்க வேண்டும். எடுத்தால்தான் உறவு உறுதி. இதை யார் ஆரம்பித்தார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மீறினால் மட்டும் எல்லோருக்கும் கோபம் வரும்.

எனக்கோ அது ஆகாது. நான் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஸ்டியரிங் என் வயிற்றில் இடிக்கும். சீட்டைப் பின்னால் தள்ளினால் பிரேக் எட்டாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ராத்திரியில் மூச்சடைப்பு எல்லாம் இருந்தன. ராத்திரி தூங்காதவனுக்குப் பகலில் கண் சொக்கத்தானே செய்யும்? ஒருநாள் சயான் சிக்னலில், வண்டி நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்ததில்தான் விழித்தேன். என் சீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பெண் எதுவும் தெரியாமல் டிபன் பாக்ஸைத் திறந்து சப்பாத்தியைத் தின்றுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்குத் துணிந்தேன்.

அது சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று சிலர் சொல்வார்கள். செய்துகொண்டு வந்து பேசுங்கள் என்பதுதான் அவர்களுக்கு என் பதில். தண்ணீரைக்கூட ஸ்பூனில் அளந்து குடித்த நாட்கள் அவை. வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருப்பேன்.

குடியைப் பற்றி டாக்டரம்மா ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். சுருக்கிய வயிற்றில் அது தங்காமல் சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும். கொஞ்சம் குடித்தாலே ஆள் நிலை தடுமாறும், சர்க்கரை திடுதிப்பென்று இறங்கிவிடவும் கூடும். சாப்பாட்டில் கிடைத்த சந்தோஷம் போய்விட்டதே என்று அந்த இடத்தில் குடியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டவர்களும் உண்டாம். அதைத்தான் முக்கியமாகப் பயமுறுத்திச் சொன்னார். எனக்குக் கேஸ் அடைத்த பானமும் கூடாது, சர்க்கரை கொட்டிய ஜூஸும் கூடாது. நான் ஒன்றும் சாமியார் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்களோடு உட்கார்ந்தவன்தான். ஆனாலும் விட்டேன். சீரகத் தண்ணீர், நீர்மோர், சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு, எப்போதாவது மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஓர் இளநீர், எல்லாமே துளித்துளியாகத்தான். நண்பர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டுமே.

சம்பந்தி வீட்டாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடும்படி சித்தப்பாவிடம் சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டேன் என்றுதான் அவரும் சொன்னார். குடிக்காதவன் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்று பயந்து, ஆபரேஷனை மட்டும் சொல்லிவிட்டுக் குடியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பள்ளிக்கூட வேனிலேயே சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சின்னச் சீட்டுகளில் முழங்கால் முகவாயில் முட்ட எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும் முன் எங்கள் வாசலில் தங்கை என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, சண்ட கிண்ட போட்டுட்டு வந்துராத."

முப்பதைத் தாண்டியவள். இதற்கு முன் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன இடங்கள் எத்தனையோ. இந்த மாப்பிள்ளையோடு மட்டும்தான் அவள் போனில் சிரித்துப் பேசிக் கேட்டிருக்கிறேன். சரி என்று தலையாட்டினேன்.

மாப்பிள்ளைக்கும் அப்பா இல்லை. அவருடைய பெரியப்பாதான் அந்த வீட்டுக்கு எல்லாம். கட்டட வேலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். கழுத்தில் தடித்த செயின், குரலும் அப்படியே. ஆண்கள் அறையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பாட்டிலைத் திறந்தார்.

"வாரும் மருமகனே! ஆப்ரேசன் பண்ணி வயிறு சுருங்கிட்டாமே. அப்ப ஒமக்கு ஒரு மூடி போதும். எங்களுக்கு மிச்சம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிளாஸை மெதுவாகத் தள்ளிவைத்து, டாக்டர் கூடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார், திரும்ப வண்டியும் நான்தான் ஓட்ட வேண்டும், நீங்கள் எடுங்கள், நான் உடன் இருக்கிறேன் என்று பணிவாகச் சொன்னேன். உடனே கோலா வந்தது. அதிலும் கேஸ் இருக்கிறதே, ஆகாது என்றேன். பெரியப்பாவின் முகம் மாறியது.

"சோடாவும் ஆகாதா? நீரு பொண்ணு குடுக்க வந்தீரா, பத்தியம் சொல்ல வந்தீரா?"

சித்தப்பா என் தொடையைக் கிள்ளினார். "ஏல, ஒரு மடக்குதானல. தொட்டுட்டுக் கீழ வையி. தங்கச்சி வாழ்க்கைல!"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அசைத்தது. கை கிளாஸ்வரைக்கும் போனதை மறைக்க விரும்பவில்லை. ஒரே மடக்கு, தங்கை கல்யாணம் நடந்துவிடும். ஆனால் இன்றைக்கு ஒரு மடக்குக் குடித்தால் நாளை தீபாவளிக்கு, வளைகாப்புக்கு, காதுகுத்துக்கு எல்லாம் "அன்னைக்குக் குடிச்சீரே" என்று இதே அறையில் இதே கிளாஸ் வரும். கையை இழுத்துக்கொண்டேன்.

அப்போது மாப்பிள்ளையின் சொந்தக்காரர் ஒருவர் எழுந்து போய், எனக்கென்று எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தார். சர்க்கரை போடவில்லை, உப்புத்தான் என்றார். பரவாயில்லையே, புரிந்துகொண்டார்கள் என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. ஒரு வாய் உறிஞ்சினேன். நாக்கு எரிந்தது, பாட்டிலில் இருந்ததை அதில் கலந்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால், அறையில் இருந்த எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் உணர முடிகிறது. நேரே எழுந்து மோரிக்கு, அதாவது பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய், வாயிலிருந்ததைத் துப்பினேன். கிளாஸில் இருந்ததை ஊற்றிவிட்டு, கழுவிக் கவிழ்த்துவைத்தேன். திரும்பி வந்து நின்றுகொண்டே பேசினேன்.

"வேண்டாம்னு சொன்னவனுக்கு ஒளிச்சுக் குடுக்கறது மரியாதையா மாமா? எனக்கு மயக்கம் வந்து விழுந்தா தூக்கிட்டு யாரு ஓடுவா? இந்த வண்டியிலதான் இத்தன பேரும் திரும்பிப் போகணும். காலையில அதே வண்டியில பச்சப் பிள்ளைங்க ஏறும்."

பெரியப்பா எழுந்துவிட்டார். "அப்ப சம்மந்தம் வேண்டாம்ங்கீரு. அப்படித்தான?"

சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கையின் முகம் என் கண்முன் வந்தது. இருந்தாலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"வேணும்னுதான் வந்திருக்கேன். கை நனைக்கத்தான் வந்திருக்கேன். சோறு போடுங்க, நனைக்கேன். கிளாஸ்லதான் எடுக்கணும்னா ஒரு டம்ளர் ரசம் குடுங்க, எல்லாரு முன்னாலயும் குடிக்கேன். அதுக்கு மேல கேட்டா, இல்ல."

சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். ஆண்கள் குடிக்கிற அறைக்குள் பெண்கள் காலெடுத்து வைப்பதில்லை. அவர் வைத்தார். கையில் எவர்சில்வர் டம்ளர், அதில் ஆவி பறக்கும் மிளகு ரசம். அதுவரைக்கும் அந்த அம்மாவின் குரலையே நான் சரியாகக் கேட்டதில்லை. கணவர் போனபிறகு அந்தப் பெரியப்பாவை அண்டியே பிள்ளையை வளர்த்தவர். அவரை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"அத்தான், கை நனைக்கது என் சமையல்லதான். அடுப்பு என்னுது. நீ குடிய்யா."

டம்ளரை வாங்கிக்கொண்டேன். இங்கேதான் ஒரு வேடிக்கை. என்னால் மடமடவென்று குடிக்க முடியாது. ஒரு வாய் உறிஞ்ச வேண்டும், நிறுத்த வேண்டும், பிறகு அடுத்த வாய். அந்த ஒரு டம்ளரை நான் குடித்து முடிக்கிறவரை, ஊற்றிய கிளாஸ்களை முன்னால் வைத்துக்கொண்டு அத்தனை ஆண்களும் காத்திருந்தார்கள். அந்த அம்மாவும் அசையாமல் நின்றார். நானும் அவசரப்படவில்லை. மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட ரசம். எனக்குப் பெருங்காயம் கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. ஆனாலும் அதைப்போல ருசியாக நான் எதையும் குடித்ததில்லை.

பாதி டம்ளர் ஆகியிருக்கும். மாப்பிள்ளை தன் கிளாஸைத் தள்ளிவைத்தார்.

"அம்மா, எனக்கும் ஒண்ணு குடுங்க."

பெரியப்பா பாட்டிலை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, படியிறங்கிப் போய்விட்டார். இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். என்னைக் கிள்ளிய அதே சித்தப்பா, "மதினி, எனக்கும் ஒரு டம்ளர், மிளகு அடியில நிக்கும், கலக்கிட்டு ஊத்துங்க" என்றாரே பார்க்கலாம்! கொஞ்ச நேரம் கழித்து இலை போட்டார்கள். நான் ஒரு கைப்பிடி சோறுதான் சாப்பிட்டேன். இன்னும் போட்டுக்கொள் என்று அந்த வீட்டில் ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை.

வீடு திரும்பியதும் தங்கை கதவைத் திறந்தாள்.

"சண்ட போட்டியாண்ணே?"

"போட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை எனக்கு முன்பாகவே போனில் எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தார்.

மாட்டுங்காவில் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய ரசமும் டம்ளர்களும் வைக்கச் சொன்னது மாப்பிள்ளையின் அம்மா. வந்தவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள், ஆனால் வாங்கிக் குடித்தார்கள். பெரியப்பா முதல் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து போகிறார்.

போகட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. குடிக்காமல் ஓர் உறவு நிற்காது என்று யாராவது சொன்னால், என் தங்கை வீட்டுக்கு வந்து பாருங்கள் என்பேன். தினமும் காலையில் ஸ்டியரிங்குக்கும் என் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம், அதை யாருடைய கிளாஸுக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இன்னொரு தடவை சொல்லிக்கொண்டுதான் வண்டியைக் கிளப்புகிறேன்.