அட்வான்ஸும் மஞ்சள் அட்டையும்

வீடு புதுப்பித்துக் கொடுக்கும் தொழிலில், நாங்கள் அட்வான்ஸ் வாங்கும்வரை வீட்டுக்காரர்கள் "காபி சாப்பிடுங்க மேடம்" என்பார்கள்; வாங்கிய மறுநாள் ஒரு தடவை போனை எடுக்காவிட்டால் ஓசூர் முழுக்க விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, ஆள் வருகிறதா என்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பன்னிரண்டு வருடமாக அந்த அட்வான்ஸை வாங்குகிற பக்கம் இருப்பவள் நான். கொடுக்கிற பக்கமும் ஒரு முறை நின்று பார்த்துவிட்டேன். அதனால் நானும் இப்போது உங்கள் கட்சிதான்.

மூன்று நாளில் இடித்தவர்கள்

சங்கரபாண்டி திருநெல்வேலிக்காரர். இங்கே வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை. லோன் போட்டு வாங்கிய பழைய வீட்டில் சமையலறையை மாற்றித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மாற்றுவதற்குச் சமையலறையே இல்லை. அடுப்பு மேடை இல்லை, சிங்க் இல்லை, சுவரில் பாதிக்குப் பூச்சு இல்லை. ஃப்ரிட்ஜ் கதவில் மட்டும் பளபளவென்று ஒரு சமையலறையின் கலர் படம் ஒட்டியிருந்தது. பைபாஸ் பக்கம் கண்ணாடிக் கதவு போட்டு ஷோரூம் வைத்திருந்த ஒரு கம்பெனி வரைந்து கொடுத்த படம் அது. மொத்தத் தொகையில் பாதியை அட்வான்ஸாக வாங்கினார்கள். வேலை ஆரம்பித்துவிட்டது என்று காட்ட, இருந்ததையெல்லாம் மூன்று நாளில் இடித்தார்கள். அடுத்த வாரம் ஷோரூம் காலி. போலீஸில் கொடுத்த புகார் அப்படியே இருந்தது.

அவர் மனைவி பேச்சியம்மாள் ஏழு மாதமாக ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். டிவி ஓரமெல்லாம் தாளித்த எண்ணெய் தெறித்திருந்தது. எனக்குத் தருவதற்கு வைத்திருந்தது அவருடைய வளையலை விற்ற பணம். அதுவும் போய்விட்டால் இனி அந்த வீட்டில் சமையலறை கிடையாது என்று இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். பேச்சியம்மாள்தான் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார்: "இடிச்சுப் போட்டுட்டுப் போவதுக்கா மேடம் அம்புட்டு துட்டு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரரே ஒரு ஞாயித்துக்கிழமையில இடிச்சிருப்பாரு."

புளியமரத்தில் கலவை மெஷின்

அட்வான்ஸைக் காப்பாற்ற ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். அதே சமயத்தில் உத்தனப்பள்ளியில் நஞ்சப்பா என்கிற தக்காளி விவசாயிக்குக் குளியலறை கட்டிக்கொண்டிருந்தோம். அட்வான்ஸ் வாங்கும்போதே அக்ரிமென்ட் எழுதித் தருகிறேன் என்றேன். "பேப்பர் எனக்கு எதுக்குங்க?" என்று வாங்கவே இல்லை. வேலை தொடங்கிச் சில நாளில், ஒரு காலையில் என் மேஸ்திரி முனியப்பா போன் செய்தார். கெலமங்கலத்துக்காரர், லேசில் பதறாத ஆள், அன்று பதறினார். இன்னொரு சைட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய கலவை மெஷினை நஞ்சப்பா மாட்டுச் சங்கிலி போட்டுப் புளியமரத்தில் கட்டிவிட்டாராம்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மரத்தடியில் இரண்டு மாடும் நடுவில் எங்கள் மெஷினும் நின்றன. முனியப்பா தெலுங்கில் கெஞ்சினார், கன்னடத்தில் கோபித்தார், ஒன்றும் நடக்கவில்லை. வேலை முடிந்த அன்று நஞ்சப்பாவே அவிழ்த்துவிட்டு, மெஷின் நிறைய தக்காளியும் போட்டு அனுப்பினார். போகும்போது கேட்டேன், மாட்டுக்குச் சங்கிலி ஒரு சுற்று, இதற்கு மட்டும் ஏன் இரண்டு என்று. "மாட்டை யாரனா ஓட்டிக்கினு போனா அது கத்துமுங்க. இது கத்தாதே!" என்றார்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

சங்கரபாண்டியின் வழி வேறு. அவர் தொழிற்சாலைக்குப் பொருள் அனுப்புகிறவர்கள் யாருக்கும் முன்பணமாக முழுத்தொகை போகாதாம். பொருள் வாசல் கேட்டுக்குள் வர வேண்டும், பரிசோதிக்க வேண்டும், பச்சை அட்டை கட்ட வேண்டும், அப்புறம்தான் பில். அதே முறையை என்னிடமும் வைத்தார். வேலையை ஐந்து கட்டமாகப் பிரித்து எழுதி, ஒவ்வொரு கட்டமும் முடிந்து அவர் பார்த்த பிறகே பணம் என்றார். கடைசிப் பத்தில் ஒரு பங்கு, சமையல் ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துத்தான். டைல்ஸ் வாங்க என் கையில் பணம் தரவில்லை. கடைக்குக் கூடவே வந்து, அவர் பேரில் பில் போட்டு, அவரே கட்டினார். ரோஷமாகத்தான் இருந்தது எனக்கு. ஆனால் டிவி மேல் தெறித்திருந்த எண்ணெய் ஞாபகம் வந்தது. அவர் சொன்னபடியே செய்தேன்.

ஷிப்ட் முடிந்து நேராக சைட்டுக்கு வருவார். சட்டைப்பையில் நூல் கோத்த அட்டைகள் இருக்கும். சரியாக இருந்தால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், தேறாது என்றால் சிவப்பு. டைல்ஸ் பெட்டிகளுக்குப் பச்சை. குழாய்க்கு மஞ்சள். முனியப்பா பூசிய மூலைச் சுவரில் தூக்குக்குண்டு பிடித்து, நேராக இல்லை என்று கண்டு, ஆணி அடித்துச் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். முப்பது வருட மேஸ்திரி, முகம் சுருங்கிப்போய்விட்டது. சுவரை உடைத்து மறுபடி பூசியவர், என்னைத் தனியே கூப்பிட்டார்: "இன்னைக்கு செவுத்துக்கு மாட்னாரு, சரிங்க மேடம். நாளைக்கு என் கழுத்துல மாட்ட மாட்டார்னு என்ன நிச்சயம்?"

தெரிந்த ஆள்

கப்போர்டு செய்கிற பட்டறை பாகலூர் ரோட்டில் இருந்தது. அதன் சொந்தக்காரர் எனக்கு ஆறு வருடப் பழக்கம். கப்போர்டு பணத்தை நேரே அவரிடம் கட்டுகிறேன் என்றுதான் சங்கரபாண்டி சொன்னார். "எனக்குத் தெரிஞ்ச ஆள்தான், நான் பார்த்துக்கறேன்" என்று நானே தடுத்தேன். தன் வழக்கத்தை எனக்காக ஒரே ஒரு முறை தளர்த்தி, அந்தப் பணத்தை என்னிடம் கொடுத்தார். பாதிதான் தருவது என்று நினைத்துப் போனேன். நாளைக்கே பிளைவுட் விலை ஏறப்போகிறது என்றார் பட்டறைக்காரர். முழுவதையும் கொடுத்தேன். பில் கேட்கவில்லை. தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம்.

பத்தாம் நாள் போனேன். ஷட்டர் பூட்டியிருந்தது. போன் அணைத்திருந்தது. என்னைப் போலவே இன்னும் மூன்று பேர் அங்கே நின்றார்கள். எதிர்க் கடைக்காரர், ஆள் ஊரையே காலி செய்துவிட்டதாகச் சொன்னார். இடிந்த சமையலறைகளைப் பார்த்து எத்தனையோ பேரிடம், "விசாரிக்காமலா கொடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறேன். அந்த ஷட்டர் முன்னால் அதை நினைத்து அவமானமாக இருந்தது.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போய், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். பணத்துக்கு நானே பொறுப்பு, என் கையிலிருந்து போட்டு வேலையை முடிப்பேன் என்றும் சொன்னேன். பேச்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, வளையல் இல்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சங்கரபாண்டி ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து, தேதி எழுதி, என் கைப்பையின் வாரில் கட்டினார். "செவப்பு கட்டுனா பொருளத் திருப்பி அனுப்பிரணும், மேடம். உங்கள அனுப்ப மனசு வரல. இப்போதைக்கு மஞ்சள்தான்" என்றார்.

அடுப்பு இடம் மாறியது

என் வீட்டுக்கு மாடி கட்டவென்று சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்தேன். இந்த முறை பட்டறையும் இல்லை, தெரிந்த ஆளும் இல்லை. சங்கரபாண்டியைக் கூட்டிக்கொண்டு போய், அவர் பேரில் பில் போட்டு பிளைவுட் வாங்கினேன். தச்சர் அவர்கள் ஹாலிலேயே உட்கார்ந்து, அவர்கள் கண்ணெதிரிலேயே கப்போர்டு செய்தார். பேச்சியம்மாள் மரத்தூளைக் கூட்டிக் கூட்டி அலுத்துப்போனார். ஆனால் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. பால் காய்ச்சிய அன்று ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த படத்தை அவரே கிழித்தார். அடுப்பு ஹாலை விட்டுப் போனதும் சங்கரபாண்டிக்கு டிவி பார்க்கவே என்னவோ போல இருக்கிறதாம்.

கடைசிப் பங்கை நான் கேட்கவில்லை. சொன்ன ஒரு மாதம் முடிந்த அன்று புருஷனும் மனைவியும் ஆபீஸுக்கு வந்து அதைக் கொடுத்தார்கள், கூடவே ஒரு பச்சை அட்டையும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மஞ்சளை அவிழ்த்துவிட்டு இதைக் கைப்பையில் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முந்தியது பேச்சியம்மாள்தான்: "பச்சைய ஆபீஸ் கதவுல மாட்டுங்க, வாரவங்க பாக்கட்டும். மஞ்சள் பையிலயே கிடக்கட்டும், நீங்க பாக்கணும்லா!"

அப்படியே செய்திருக்கிறேன், இப்போதெல்லாம் தெரிந்தவர் யாராவது முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால், எடுக்கப் போன என் கை கைப்பையின் வாரிலேயே நின்றுவிடுகிறது.