360361ஐக் கூறு போட்டவன்

பூவராகவன் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். மீன்பிடியை விட்டுவிட்டு, பொன்னேரிக்கு வடக்கே ஒரு கூட்ஸ் யார்டில் வேகன்களைக் கோத்துவிடும் வேலைக்கு வந்தான். அவன் மச்சான் குப்புராஜும் கூடவே சேர்ந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். கணக்கில் பூவராகவன் புலியெல்லாம் இல்லை. டீக்கடைச் சில்லறையையே இரண்டு தடவை எண்ணுவான்.

அறுபத்தேழில் ஒருநாள் இருவரும் இரண்டு வேகன்களுக்கு நடுவே நின்று கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்த வேகன் அசைந்தது. பூவராகவன் குனிந்து வெளியே வந்துவிட்டான். குப்புராஜ் வரவில்லை. பூவராகவனின் கண்ணுக்கு நேரே அந்த வேகனின் நம்பர் இருந்தது. 360361.

அவர்கள் குப்பத்தில் மீனைக் கூறு போடும்போது ஒன்று மிஞ்சினால் யாரும் தொடமாட்டார்கள். அது தண்ணீரில் போனவன் பங்கு என்று ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். பூவராகவன் அந்த நம்பரையும் கூறு போட்டுப் பார்த்தான், ஷெட்டுச் சுவரில் சாக்பீஸால். இரண்டால் வகுத்தான், மிச்சம் ஒன்று. அடுத்த அமாவாசைக்கு மூன்றால்; அதே ஒன்று. அமாவாசைக்கு ஒரு கணக்குதான், அதற்கு மேல் துணிச்சல் இல்லை. பதினைந்து வரை எதால் வகுத்தாலும் ஒன்றேதான் மிஞ்சியது. பொய் சொல்வானேன், அப்புறம் நானும் அந்தச் சுவர்ப் பக்கம் தனியாகப் போகவில்லை.

"எந்தக் கூறுலயும் சேராம நின்னுக்கினே கீறான்யா," என்றான். பதினாறால் வகுத்தபோது ஒன்பது மிஞ்சியது. "இப்போ கூட ஆளுங்களச் சேத்துக்கினான்," என்று சொல்லிவிட்டு அன்று சோறு தின்னவில்லை.

மீதியில்லாமல் வகுபட்டால்தான் மச்சான் கரையேறுவான் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. அதுவரை வீட்டில் மீன் குழம்பு வைக்கும்போதெல்லாம் ஒரு மீனைத் தனியே எடுத்துப்போய்க் கால்வாயில் போடுவான். அவன் மனைவி கங்கம்மா குப்புராஜின் தங்கை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"செத்தது எங்கண்ணன். பைத்தியம் புடிச்சது உனக்கா? ஊடு ஊடா இல்ல, ஒரே பேஜாரு," என்பாள்.

எழுபத்து நாலில் ஓர் அமாவாசையன்று என்னைக் கூப்பிட்டான். எண்பத்தொன்பதால் வகுத்திருந்தான். ஈவு 4049, மீதி சைபர். நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

"போய்ட்டான்," என்றான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். மச்சான் தன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனதுபோல் முழித்தான்.

மறுநாள் மத்தியானம் என்னையும் சாப்பிட அழைத்துப் போனான். "இனிமே மீன எடுத்து வெக்க வேணாம் கங்கா. மிச்சம் இல்ல," என்றான்.

அவள் எங்களுக்குப் பரிமாறினாள். பிறகு சட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்துச் சின்னத் தட்டில் வைத்து மூடினாள்.

"உன் கணக்கு தீந்துச்சி. எனக்கு எங்கண்ணன் இன்னும் மிச்சமாத்தான் கீறான்."

பூவராகவன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அன்று கால்வாய்க்கு அவள்தான் போனாள்.