கைராசிக்காரி

தெற்குப் போலந்தின் அந்தச் சின்ன நகரத்தில், ரயில் பாதையை ஒட்டி, அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கென்று துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த தோட்டங்கள் இருந்தன. அங்கே ரெகினாவைத் தெரியாதவர்கள் கிடையாது. மற்றவர்கள் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் பாத்தியில் மட்டும் புளிக்கீரை கொத்துக் கொத்தாகத் தழைக்கும். கைராசிக்காரி என்றார்கள். அவளும் மறுக்கவில்லை. தையல் ஆலையில் வாழ்நாளெல்லாம் பிறத்தியார் சட்டைக்குக் காலர் தைத்தவளுக்கு அதற்குமுன் யாரும் எந்தப் பட்டமும் கொடுத்ததில்லை.

கீரையை உப்புப் போட்டு ஜாடிகளில் அடைத்து, கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் கொடுப்பாள். "தனக்குன்னு ஒரு ஜாடி வெச்சுக்க மாட்டா, என்ன மனசு பாரு" என்று அதற்கும் ஒரு பாராட்டு.

மனசாவது மண்ணாவது. அருவருப்பு, அவ்வளவுதான். அவள் கணவன் விட்டெக் கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்த்தவன். ஊர்ச் சாக்கடையெல்லாம் அங்கே வந்து வடிந்தபின் அடியில் தங்குகிற கறுப்புக் கசடு உலர்ந்ததும், அதை மூட்டை கட்டிக்கொண்டு வந்து யாரும் பார்க்காத நேரத்தில் பாத்தியில் கொட்டிக் கொத்திவிடுவான். கைராசி என்று ஊர் சொன்னது அதைத்தான். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவளுக்கு அந்தக் கீரை தொண்டையில் இறங்கவில்லை. அடுத்தவர் தொண்டையில் தாராளமாக இறங்கியது.

விட்டெக் ஒன்று சொல்லி வைத்திருந்தான். "இதுல முலாம் பூசுற பட்டறைத் தண்ணியும் கலக்குது, ரெகினா. காட்மியம்னு ஒரு விஷ உலோகம் இருக்கும். அது மண்ணை விட்டு எங்கயும் போகாது. வருஷா வருஷம் சுண்ணாம்பு போட்டுக்கிட்டே இரு, கட்டிப்போட்ட மாடு மாதிரி கெடக்கும். மண்ணு புளிச்சுதோ, கயிறு அவுந்துடும். நேரா கீரைக்குள்ள போயிடும்."

அவன் இருந்தவரை சுண்ணாம்பு போட்டாள். அவன் போனபிறகு நிறுத்திவிட்டாள். மறந்து போய் அல்ல. புளிக்கீரைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும். சுண்ணாம்பு விழுந்த வருஷம் இலை சிறுத்துவிடும், ஊர் வாயும் அடங்கிவிடும். சுண்ணாம்புக்குப் பதில் காட்டிலிருந்து பைன் ஊசியிலைகளை அள்ளிவந்து பரப்பினாள். மண் இன்னும் புளித்தது. இலை உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிந்தது.

அந்த வருஷம்தான் எதிர்வீட்டு மார்ஸெனாவுக்கு, ஊரெல்லாம் நம்பிக்கையைக் கைவிட்ட பிறகு, கர்ப்பம் தங்கியது. பயங்கர மசக்கை. முதலில் கொடுத்த கீரை தீர்ந்ததும், ரெகினா இன்னும் சில ஜாடிகளோடு போய்க் கதவைத் தட்டினாள். மார்ஸெனா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"வாசப்படிக்கு மேல குடுத்து வாங்கக் கூடாது, ரெகினாம்மா. உறவு முறிஞ்சுடும். உள்ள வந்து குடுங்க."

"முட்டை போட்டு சூப் வெச்சுக் குடி. வயித்துல நிக்கும்."

"இது ஒண்ணுதான் நிக்குது. எங்கம்மா வெச்ச கஞ்சி கூட வெளிய வந்துடுச்சு."

"உங்கம்மாவுக்குக் கைராசி இல்லயே" என்றாள் ரெகினா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கோடை முடியும்போது, தோட்டச் சங்கம் கூட்டிவந்த மண் ஆராய்ச்சிக்காரப் பெண் எல்லாத் தோட்டத்திலும் மண்ணும் இலையும் எடுத்துப் போனாள். திரும்பி வந்தவள் நேராக ரெகினாவின் பாத்திக்கு வந்து நின்றாள்.

"மண்ணுல உலோகம் இருக்குங்க. கட்டுண்டு கெடந்தா இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்ல. ஆனா உங்க மண்ணு ரொம்பப் புளிச்சிருக்கு, அதான் இலைக்கு ஏறிடுச்சு. சுண்ணாம்பே போட மாட்டீங்களா?"

"போடணும்னு யாரும் சொல்லலையே." செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறான்?

"எப்பவோ ஒரு வாய் சாப்பிட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. தினமும் சாப்பிடக் கூடாது. மாசமா இருக்கறவங்க தொடவே வேண்டாம். யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்ல" என்றாள் ரெகினா. சொன்ன வேகம் அவளுக்கே கூசியது.

மறுநாள் காலை மார்ஸெனா வீட்டுக்குப் போய், ஜாடி மூடி சரியில்லை, கீரை கெட்டிருக்கும், திருப்பிக் கொடு என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. காலைல கூட குடிச்சேன். குடுத்ததைக் கேட்டு வாங்கறீங்களே, வேற யாருக்காவது குடுக்கலாம்னு மனசு மாறிடுச்சா?" என்று கேலி செய்தாள் மார்ஸெனா.

ரெகினாவும் சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து சூப்பின் புளிப்பு வாசனை கதவிடுக்கு வழியாக வந்தது. அவள் அடுப்படியில் உட்கார்ந்து தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளாத குறை. பயம்கூட இல்லை, வெட்கம். ஒரு பிள்ளையா, ஒரு பட்டப் பெயரா என்று வந்தபோது, அவள் நேற்றிலிருந்து பட்டப் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய் மறுபடி கதவைத் தட்டினாள்.

"உள்ள வாங்க, ரெகினாம்மா."

"வேணாம். இங்கயே சொல்லிடறேன்." சாக்கடைக் கசடு, காட்மியம், விட்டெக் சொன்ன சுண்ணாம்பு, அதை நிறுத்திய காரணம், நேற்றுச் சொன்ன பொய் என்று எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். "டாக்டர்கிட்ட போய் ரத்தம் பாக்கச் சொல்லு. நானும் கூட வரேன்."

மார்ஸெனாவின் கை வயிற்றின் மேல் போயிருந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவ கூட?"

"இல்ல."

"நாங்கல்லாம் அதை உங்க பெரிய மனசுன்னு பேசிக்கிட்டோம்" என்றாள் மார்ஸெனா. குரல் உயரவில்லை.

உள்ளே போய் ஜாடிகளை எடுத்துவந்தாள். ஒன்று பாதி காலியாக இருந்தது. வாங்கிக்கொள்ள ரெகினா ஒரு காலை எடுத்து உள்ளே வைக்கப் போனாள். மார்ஸெனா வழியை விடவில்லை. நின்ற இடத்திலிருந்தே, வாசற்படிக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

"பிடிங்க."

ரெகினா காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, வெளியே நின்றபடியே ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள்.